எட்டு வயலில் வெயில், ஒன்றில் பனி

அத்தியாயம் 4

பொருள் தொலைந்தால் போலீஸ், மனிதர் தொலைந்தால் பூதக்கண்ணாடி என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. பேர்தான் பூதக்கண்ணாடி, உண்மையில் அவளிடம் அப்படி எதுவும் கிடையாது. மூக்கின் மேல் கனத்த கண்ணாடி ஒன்றுதான் உண்டு. இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்த் தீவிபத்துகளையும் பொய்த் திருட்டுகளையும் மோப்பம் பிடித்ததில் கண் கெட்டு, வாங்கியது. வேலையை விட்ட பிறகு சலவைக் கடை மாடியில் ஓர் அறை பிடித்து, காணாமல் போனவர்களைத் தேடித் தருகிறாள். வயது ஐம்பத்தேழு. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. அதை அவள் குறையாகச் சொல்வதில்லை. சொல்வதற்கும் வீட்டில் ஆள் இல்லை.

காலை பத்தரை மணி. அறையில் இருந்த நல்ல நாற்காலியில் ஓர் ஓவியம் உட்கார்ந்திருந்தது. மனிதர்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“பாக்கப் பாக்க அழகாத்தான்க்கா இருக்கு” என்றான் பட்டாசு. “பச்சைப்பசேல்னு வயலு, ஆடு, மாடு, கொக்கு, ஓடை. ஒரு குப்பை இல்ல, ஒரு கொசு இல்ல. இத்தனை மாடு நிக்குது, கீழ ஒரு துளி சாணிகூட இல்ல. இந்த ஊர்ல வீடு வாடகைக்குக் கிடைக்குமா?”

பட்டாசு அவளுடைய உதவியாளன். நாற்பது வயது, முன்வழுக்கை, பழைய டாக்ஸி டிரைவர். வாய் நின்றால் வண்டியும் நின்றுவிடும் என்று நம்புகிறவன்.

“வாய மூடிட்டுப் பாருடா. அவங்க பேசட்டும்.”

மூன்றாவது ஆள்தான் வழக்கைக் கொண்டுவந்தவள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கே எல்லோரும் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்து நாலு வயதுக்கு முகம் கொஞ்சம் கூடுதலாகவே களைத்திருந்தது. ஓவியம் திங்கட்கிழமை காலை பரிசோதனைக் கூடத்து ஜன்னல் ஓரத்தில், ரத்தக் குப்பிகள் வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், பழுப்புத் தாளில் சுற்றியபடி இருந்ததாம். அனுப்பியவர் பெயர் இல்லை, தபால் முத்திரை இல்லை. மேலே ‘பாப்பாவுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“என்னைப் பாப்பான்னு கூப்பிட உலகத்துல ஒரே ஒரு ஆள்தான் மேடம் இருக்கான். என் அண்ணன்.”

“கையெழுத்து?”

“கொட்டை எழுத்துல இருக்கு, கண்டுபிடிக்க முடியல. ஆனா அந்த மரத்தப் பாருங்க. வேரெல்லாம் மண்ணுக்கு மேல, விரல் விரலா. ஸ்கூல்ல என் அறிவியல் நோட்டுல அவன்தான் படம் போட்டுக் குடுப்பான். ‘வேர் மண்ணுக்குள் இருக்க வேண்டும்’னு டீச்சர் சிவப்பு மையில எழுதுவாங்க. அடுத்த தடவையும் அப்படியேதான் போடுவான். பிடிவாதக்காரன்.”

ஆறு வருஷத்துக்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். அப்பா படுக்கையில் கிடந்தார். இரவு ஆளுக்கொரு நாள் முறைவைத்துக் காவல். அண்ணனுடைய முறையில், விடிகிற நேரத்தில் அவன் கண்ணயர்ந்துவிட்டான். விழித்துப் பார்த்தபோது அப்பா இல்லை.

“நான் அவனப் பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டேன். ‘ஒரே ஒரு ராத்திரி முழிச்சிருக்க முடியலையா உன்னால’ன்னு. எல்லாம் முடிஞ்ச மறுநாள் வீட்ட விட்டுப் போனவன்தான். போன் இல்ல, கடுதாசி இல்ல. அப்புறம் ஒரு மாசம் கழிச்சு டாக்டரப் பாத்தேன். முழிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதும்மா, அது அன்னைக்குப் போக வேண்டிய உயிருன்னு சொன்னாரு. அத அண்ணன்கிட்ட சொல்லணும் மேடம். அது ஒண்ணுதான். ஆறு வருஷமா தொண்டையிலயே நிக்குது.”

“எவ்வளவு நேரம் இருக்கு நமக்கு?”

“இன்னைக்கு இங்க எனக்குக் கடைசி நாள். வேற ஊருக்கு மாத்திட்டாங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ரயில்.”

“அடேயப்பா, டாக்ஸி ஏறுறவங்கதான் கடைசி நிமிஷத்துல வருவாங்கன்னு நெனச்சேன்” என்று முணுமுணுத்தான் பட்டாசு. யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவனும் ஓவியத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நேற்று ஊசியக்கா வேலை அவசரத்தில் படத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனதும், அனுபவஸ்தர் கண்ணுக்கு ஏதாவது பிடிபடுமா என்று பார்க்க, அதைத் தூக்கிக்கொண்டு ஓவியக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் போயிருந்தார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். வேலிகளால் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்த ஒன்பது வயல்களும் நவரசங்கள். எட்டு வயலில் வெயில் அடிக்க, ஏழாவதில் மட்டும் பனி மூடிக் கிடப்பது மரணத்தின் மௌனம். ஒவ்வொரு வயலின் வலது கீழ் மூலையிலும் வெள்ளைப் பூக்களுக்கு நடுவே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கூழாங்கற்கள் இருக்கின்றனவே, அவை ஜீவாத்மாவும் பரமாத்மாவும்.

“ஆள் எங்க இருக்காருன்னு மட்டும் சொல்லல” என்றான் பட்டாசு, அதை நினைத்து. “பரமாத்மாவோட அட்ரஸ் வாங்கியிருக்கலாம். அங்கயாவது விசாரிக்கலாம்.”

பூதக்கண்ணாடி படத்துக்குக் கிட்டே குனிந்தாள். அந்தப் படம் நேற்றிலிருந்து அவளை என்னவோ செய்தது. இவ்வளவு பசுமையைப் பார்த்தால் மனம் குளிர வேண்டும். அவளுக்கோ, ஆள் இல்லாத வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தது போல இருந்தது. ஏன் என்று இப்போதுதான் பிடிபட்டது.

“ஒண்ணு கவனிச்சியாடா? இதுல முப்பது நாப்பது உசுரு இருக்கு. ஆடு, மாடு, கொக்கு, மேய்ப்பன், கடைசி வயல்ல மரத்தடில ஒக்காந்து சாப்பிடுற ஒரு பொண்ணு. ஒண்ணாவது நம்மளப் பாக்குதா?”

பட்டாசு எண்ணிப் பார்த்தான். “இல்லக்கா. எல்லாம் அதது பாட்டுக்கு இருக்கு.”

“வரைஞ்சவன யாருமே பாக்கல. இவ்வளவு பேரையும் அவன் பாத்திருக்கான்.”

“மேலருந்து பாத்திருப்பாரு போல. மாட்டுக்கு முதுகு தெரியுது, வயிறு தெரியல. மேய்ப்பனுக்குத் தலை இந்தப் பெருசு, காலு இத்தனூண்டு. அப்புறம் இந்த மாடுங்க, மாடு மாதிரியா நிக்குது? பார்க்கிங்ல கோடு போட்டு நிறுத்துன மாதிரி நிக்குது. எந்த மாடு ரிவர்ஸ் எடுத்து இவ்வளவு நேரா நிக்கும்?”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். என்னவோ நெஞ்சுக்குள் தட்டியது, ஆனால் திறக்கவில்லை. இப்படித் தட்டும்போது அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விட வேண்டும் என்பது அவளுடைய பழைய பாடம். தேய்க்கக் கொடுத்த துணி நினைவுக்கு வந்தது. கீழே இறங்கினாள்.

சலவைக் கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் துணியைத் தேடி உள்ளே போனார். மேஜைமேல் சின்ன டிவி மாதிரி ஒன்று இருந்தது. கடைக்குக் கேமரா வைத்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவள் பொழுது போகாமல் அதைப் பார்த்தாள். வகிடு அகன்று, உச்சி வெளுத்த ஒரு பெண்மணி, கையில் துணிப்பையோடு ஒரு மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. பாவம், யாரோ, என்று நினைத்தாள் பூதக்கண்ணாடி. மூக்குக் கண்ணாடி நழுவியது, தூக்கிவிட்டாள். திரையில் இருந்த பெண்மணியும் தூக்கிவிட்டாள்.

தன் உச்சந்தலையை இந்த ஐம்பத்தேழு வயதில் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், இவ்வளவு வெளுத்துவிட்டது என்று எப்போதோ தெரிந்திருக்கும். அடுத்த கணமே அந்த நினைப்பு பறந்துபோனது. ஏனென்றால் அந்தத் திரை நான்கு கட்டங்களாகப் பிரிந்திருந்தது. எல்லாக் கட்டமும் மேலிருந்து பார்த்த பார்வை. எந்தக் கட்டத்திலும் யாரும் அவளைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கட்டத்தின் வலது கீழ் மூலையிலும் சின்னச் சின்ன வெள்ளை எண்கள். நடுவே ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு புள்ளி.

துணியை வாங்காமலே மாடிப்படி ஏறினாள். சலவைக் கடைக்காரர் பின்னாலேயே கூப்பிட்டது காதில் விழவில்லை.

“பட்டாசு, பூவ எண்ணுடா!”

“எந்தப் பூவக்கா?”

“மூலைல இருக்கிற வெள்ளைப் பூ. கூழாங்கல்லுக்கு முன்னாடி எத்தனை, பின்னாடி எத்தனை?”

அவன் மூக்கு ஓவியத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். “முன்னாடி ஒத்தப் பூ ஒண்ணு... தள்ளி மூணு பூ. அப்புறம் ஜீவாத்மா பரமாத்மா. அதுக்கப்புறம் ஒத்தப் பூ... தள்ளி அஞ்சு. அடுத்த வயலும் அதேதான். எல்லா வயலும் அதேதான்.”

“ஒண்ணு, மூணு. ஒண்ணு, அஞ்சு. பதிமூணு பதினஞ்சு. மதியம் ஒண்ணேகால்!” அவள் ஊசியக்காவின் பக்கம் திரும்பினாள். “தினமும் மதியம் ஒண்ணேகால் மணிக்கு நீங்க எங்கம்மா இருப்பீங்க?”

“சாப்பாட்டு நேரம் மேடம். லேபுக்குப் பின்னாடி ஒரு முற்றம் இருக்கு. அங்க பெஞ்சுல ஒக்காந்து சாப்பிடுவேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான்” என்றாள் அவள். அதில் என்ன கேள்வி என்பது போல.

“பெஞ்சுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?”

“ஒரு மரம். அப்புறம் ஆக்ஸிஜன் டாங்கி. வெள்ளையா, உருண்டையா, ஒசரமா...” அவள் சொல்லிக்கொண்டே ஓவியத்தின் ஒன்பதாவது வயலைப் பார்த்தாள். வேர்கள் வெளியே தெரியும் மரம். பக்கத்தில் வெயிலில் வெளுத்து, உருண்டையாக, உயரமாக ஒரு வைக்கோல்போர். நடுவே தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பெண்ணின் உச்சந்தலை.

“இது கிராமமே இல்லம்மா” என்றாள் பூதக்கண்ணாடி. “உங்க ஆஸ்பத்திரி. ஒன்பது கேமரா, ஒன்பது வயல். உங்க அண்ணன் அதுங்க முன்னாடி ஒக்காந்திருக்கான். முதல் வயல்ல மாடுங்க?”

“கார் நிறுத்துற இடம்...”

“தொட்டி முன்னாடி முண்டியடிக்கிற ஆடுங்க?”

“மருந்து வாங்குற கவுன்டர்.”

“கொக்கு நான் சொல்றேன், நான் சொல்றேன்” என்று துள்ளினான் பட்டாசு. “வெள்ளை டிரெஸ் நர்ஸுங்க. மேய்ப்பன் கைல கம்போட நிக்கிறது செக்யூரிட்டி. யம்மா! இந்த ஊர்ல சாணி இல்லாதது இப்பத்தான் புரியுது. மணிக்கொரு தடவை துடைச்சு விடுறாங்க.”

“நீங்க மாத்தலாகிப் போறது யாருக்கெல்லாம் தெரியும்?” என்று கேட்டாள் பூதக்கண்ணாடி.

“சனிக்கிழமை நோட்டீஸ் போர்டுல ஒட்டுனாங்க. ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும். வெளில நான் யார்கிட்டயும்... சொல்ல யாரு இருக்கா மேடம்?”

“சனிக்கிழமை ஒட்டுனாங்க, திங்கட்கிழமை படம் வந்துடுச்சு. முன்னாடியே வரைஞ்சு வச்சிருந்தத வழியனுப்பக் குடுத்திருக்கான்.”

ஊசியக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். “நான் அங்க அஞ்சு வருஷமா இருக்கேன் மேடம். இத்தனை நாளும் எனக்கு நூறடில இருந்தானா? பாத்துக்கிட்டேவா இருந்தான்?” கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அதையும் அவன்கிட்டயே கேளுங்க. இப்ப போய் வழக்கம்போல அந்த பெஞ்சுல ஒக்காருங்க. டப்பாவத் திறங்க. அவன் கண்ணு உங்க மேலயே இருக்கட்டும். நாங்க போய்ப் பின்னாலருந்து தோளத் தொடுறோம்.”

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பூதக்கண்ணாடியும் பட்டாசும் ஆஸ்பத்திரி வாசலில் நுழைந்தார்கள். ஓவியத்தைப் பட்டாசு இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தான். கார்கள் வரிசையாக மேய்ந்துகொண்டிருந்தன. மருந்துக் கவுன்டரில் சீட்டை நீட்டிக்கொண்டு ஆட்கள் முண்டினார்கள். துடைத்த தரை நீளமாக, பளபளப்பாக, ஓடை மாதிரியே கிடந்தது. படத்துக்குள் நடந்து போவது போலிருந்தது அவளுக்கு. ஆனால் படத்தில் யாரும் இருமவில்லை, யாரும் அழவில்லை. இவ்வளவு வலியையும் தினமும் பார்த்துவிட்டு ஒருவன் அதை ஆடாகவும் கொக்காகவும் மாற்றியிருக்கிறான் என்றால், அவனுக்கு ஆறுதல் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

கீழ்த்தளத்துப் படிக்கட்டில் காவலர்களின் மேஸ்திரி ஒருவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“கேமரா ரூமா? ஜெனரேட்டருக்குப் பக்கத்து ரூம். ஆந்தை இருப்பாரு, போங்க.”

“ஆந்தையா?”

“நாங்க வச்ச பேருங்க. காண்ட்ராக்ட்ல வந்து நாலு வருஷம் ஆச்சு. அந்த மனுஷன் ஒரு கொட்டாவி விட்டு நாங்க பாத்ததில்ல. ராத்திரி ஷிப்ட்டா, பகல் ஷிப்ட்டா, ரெண்டும் சேத்தா, கண்ணு அப்படியே முழிச்சிருக்கும். கொஞ்சம் சாஞ்சுக்கோய்யான்னா, ‘வேணாம்ணே, ஒரு தடவ சாஞ்சது போதும்’பாரு. ஏன்னு கேட்டா பதில் இருக்காது.”

பட்டாசு சொல்ல வந்த ஜோக்கை விழுங்கினான். அது அவன் வாழ்க்கையில் மிக அபூர்வம்.

“ஏழாம் நம்பர் கேமரா வேலை செய்யலையாமே?” என்று சும்மா கேட்டு வைத்தாள் பூதக்கண்ணாடி.

“அதெப்படிம்மா உங்களுக்குத் தெரியும்? அது பின்பக்கத்துப் படிக்கட்டு. லென்ஸ்ல ஏதோ படிஞ்சு, வெறும் புகையாத்தான் தெரியும். ரிப்பேருக்கு எழுதிப் போடுய்யான்னா, ‘விடுங்கண்ணே, அங்க யாரு போறா’ம்பாரு.”

அறைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. அவள் மெல்லத் தள்ளினாள்.

நாற்காலி காலி.

மேஜையில் ஒரு டம்ளர் தேநீர். ஆவி பறந்துகொண்டிருந்தது. பழைய குளுக்கோஸ் பாட்டிலில் நாலைந்து தூரிகைகள். சுவரில் சட்டை மாட்டும் ஆணி, அதில் சட்டை இல்லை. எதிரே பெரிய திரையில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். எட்டில் ஆட்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஏழாவதில் சாம்பல் புகை. ஒன்பதாவதில், ஆக்ஸிஜன் டாங்கிக்குப் பக்கத்தில், ஊசியக்கா மடியில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மூலையில் வெள்ளை எண்கள் 13:07 என்றன.

பூதக்கண்ணாடி நெற்றியில் அறைந்துகொண்டாள். “இருபத்தாறு வருஷ சர்வீஸு! ஒன்பது கண்ணு இருக்கிறவன் முன்னாடி, அவன் வரைஞ்ச படத்தையே உன் மார்ல தூக்க வச்சு ஊர்வலம் வந்திருக்கேன். வாசல்ல நுழைஞ்சதுலருந்து ஒவ்வொரு வயலா நம்மளப் பாத்திருப்பான்டா!”

“நானும் முதல் கேமரா முன்னாடி படத்தக் கால்ல சாச்சு வச்சிட்டுத் தலை வாரினேன்க்கா” என்றான் பட்டாசு ஈனக்குரலில். “வாரவும் பெருசா ஒண்ணுமில்ல.”

“படத்த நிமித்து.”

அவன் ஓவியத்தை மேஜைமேல் சாய்த்தான். திரைக்கும் படத்துக்கும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். பயந்த மனுஷன் தெரிந்த வழியில்தான் ஓடுவான். நாலு வருஷமாக இவன் தங்கை கண்ணில் படாமல் வந்து போன வழி எது? யாரும் பார்க்கக் கூடாது என்று இவன் புகையாகவே விட்டு வைத்த வழி எது? ஏழாவது வயலின் பனியை உற்றுப் பார்த்தாள். பேராசிரியர் மரணத்தின் மௌனம் என்ற அந்த வெள்ளைக்குள், வெள்ளைமேல் வெள்ளையாக, ஒரு சின்ன மூங்கில் படல் கதவு இருந்தது. ஒன்பது வயலையும் சுற்றி எத்தனையோ வேலிகள், கதவு அது ஒன்றுதான். அது வலது பக்கம் திறந்திருந்தது. பனிக்கு அப்பால், அதே வரிசையின் கடைசியில், வைக்கோல்போர்.

பிடிபடவே விரும்பாதவன் கதவை ஏன் திறந்து வரைகிறான்?

கைபேசியை எடுத்தாள். திரையில் ஊசியக்கா குனிந்து தன்னுடையதை எடுப்பது தெரிந்தது.

“கேள்வி கேக்காம திரும்பிப் பாருங்கம்மா. டாங்கிக்குப் பின்னாடி ஒரு கதவு இருக்கா?”

“இருக்கு மேடம், இரும்புக் கதவு. அது எப்பவும் சாத்தியே...”

“இப்பவும் சாத்தியிருக்கா?”

திரையில் அவள் எழுந்தாள். மடியிலிருந்த டப்பா கீழே விழுந்து உருண்டது. கைபேசியைப் பெஞ்சுமேல் போட்டுவிட்டு டாங்கியின் பின்பக்கம் ஓடினாள். கட்டத்தின் விளிம்பில் அவள் தோள் மறைந்தது, துப்பட்டா மறைந்தது. அப்புறம் வெறும் பெஞ்சு.

ஏழாவது கட்டத்தில் சாம்பல் புகை.

பூதக்கண்ணாடி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. உலகத்தில் நடக்க வேண்டியது ஒன்றே ஒன்று, அது நடக்கிற இடம் மட்டும் தெரியவில்லை. மற்ற எட்டுக் கட்டமும் பளிச்சென்று தெரிந்து என்ன பிரயோஜனம்? நாலு வருஷம் அவன் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. எல்லாம் தெரியும், எதிலும் இல்லை. தன் வீட்டு ஜன்னலோரம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் அவளுக்கு எதிர்வீட்டுச் சமையலறை வரை எல்லாம் தெரியும்.

13:10. 13:12.

“தப்பிச்சுப் போயிருப்பாரோக்கா?” என்றான் பட்டாசு. அவன் குரலில் பகடி இல்லை.

“தெரியல.”

13:14. ஒன்பதாவது கட்டத்தின் விளிம்பில் ஒரு நிழல் நீண்டது. பிறகு துப்பட்டா வந்தது. அவள் பின்பக்கமாக நடந்து வந்தாள், யாரையோ இழுத்துக்கொண்டு வருகிறவள் போல. அவள் இரண்டு கையிலும் ஒரு சட்டைக் கை சிக்கியிருந்தது. அந்தச் சட்டைக்குள் ஒல்லியான, நரைத்த ஒரு மனிதன், வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு வந்தான்.

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு ஓரத்தில்.

பெஞ்சுமேல் கிடந்த கைபேசியின் இணைப்பு இன்னும் அறுந்திருக்கவில்லை. பூதக்கண்ணாடியின் காதில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஊசியக்காவின் குரல், ஆறு வருஷமே நடுவில் இல்லாதது போல: “சாப்ட்டியாண்ணா?”

பூதக்கண்ணாடி இணைப்பைத் துண்டித்தாள்.

“அக்கா! இனிமேத்தான் விஷயமே!”

“அது நம்ம கேஸு இல்லடா.”

அதற்கப்புறம் ஊமைப் படம்தான். தங்கை நெடுநேரம் பேசினாள். டாக்டர் சொன்ன வார்த்தையைத்தான் சொல்லியிருப்பாள். அவன் முதலில் தலையை ஆட்டி மறுத்தான். அவள் திரும்பவும் சொன்னாள். இல்லை என்று மறுபடி ஆட்டினான். அவள் பெஞ்சில் நகர்ந்து கிட்டே வந்து, அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. மேலிருந்து பார்க்கையில் அவனுக்கும் உச்சி வெளுத்துத்தான் இருந்தது. தங்கை அதைத் தடவிக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் நிமிர்ந்தான். முகத்தைத் துடைத்தான். வாயை அகலமாகத் திறந்தான்.

“அக்கா! ஆந்தை கொட்டாவி விடுது!” என்று கத்தினான் பட்டாசு. கத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினான். “தூசிக்கா. இந்த ரூம ஒருத்தனும் பெருக்கறதில்ல.”

திரையில் அண்ணன் தங்கைக்கு எதையோ காட்டினான். கையை உயர்த்தி, மேலே, கூரை மூலையில் இருந்த கேமராவை. அது வழியாகத்தான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்கிறான் போலிருக்கிறது. அவள் அண்ணாந்து பார்த்தாள். அந்தப் பசும்புல் தேசத்தில் முதல்முறையாக ஒரு முகம், நேராக, நேருக்கு நேராகப் பார்த்தது. அழுது வீங்கிய முகம். அது சிரித்தது, கையைத் தூக்கி ஆட்டியது.

நாற்காலியில் இருந்த பூதக்கண்ணாடியும் கையைத் தூக்கினாள்.

“அவங்களுக்கு நீங்க தெரிய மாட்டீங்கக்கா” என்றான் பட்டாசு மெதுவாக.

“தெரியும்டா” என்றாள் அவள். ஆனாலும் திரையில் அந்தக் கை இறங்குகிறவரை அவள் தன் கையை இறக்கவில்லை.